நாலு டிகிரி

ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த ஒரு மத்தியானம், பூவரசன் தன் பழைய மொபெட்டில் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தான். காலடியில் கருவிப் பை. சட்டைப் பையில், கிழிந்த பனியன் துணியில் சுற்றிய ஒரு கண்ட்ரோலர்.

வந்த இடம் உத்தர வீதியில் ஒரு வீடு. வாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு எங்கேயோ ஒரு வெளிச்சப் பொட்டாகத் தெரியும், அவ்வளவு நீளம். அதை வாடகைக்கு எடுத்து டாக்டர் மகாலட்சுமி சித்த வைத்தியசாலை நடத்திக்கொண்டிருந்தார். முன்பக்கம் மருந்து கொடுக்கும் இடம். நடுவில் ஓர் அறை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் அடைத்துக்கொண்டதால் ஜன்னலே கிடையாது, பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். அந்த அறையில்தான் நீராவிப் பெட்டி இருந்தது.

ஆள் நீளத்துக்கு மரப்பெட்டி. நோயாளி அதில் மல்லாந்து படுத்துக்கொள்வார். மூடியை இறக்கினால் கழுத்துக்கு மேலே மட்டும் வெளியில் இருக்கும். அடியில் தொட்டித் தண்ணீர் ஹீட்டரில் கொதித்து, நொச்சி வாசத்தோடு ஆவி உள்ளே ஏறும். உள்ளே எவ்வளவு சூடு என்று கால்மாட்டில் தொங்கும் சென்சார் சொல்லும். அதைக் கேட்டு ஹீட்டரைப் போடுவதும் நிறுத்துவதும் கண்ட்ரோலரின் வேலை. அந்தக் கண்ட்ரோலர் போன மாதத்து இடியில் கருகிவிட்டது. பெட்டி விற்ற கம்பெனிக்காரன், அந்த மாடலே இப்போது வருவதில்லை, பெட்டியையே மாற்றிவிடுங்கள் என்று போனை வைத்துவிட்டான். அதனால்தான் டாக்டர் பூவரசனைக் கூப்பிட்டிருந்தார்.

பூவரசனுக்குப் பாலக்கரையில் ஒரு கடை. கடை என்றால் ஆள் ஒருக்களித்து நுழைய வேண்டிய ஒரு பொந்து. செத்த மெஷினின் மூளையை எடுத்து, உயிரோடிருக்கிற மெஷினில் வைப்பதுதான் அவன் தொழில். பேக்கரி அடுப்பின் கண்ட்ரோலர் லாட்ஜ் பாய்லருக்குப் போகும். பாய்லருடையது கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டிக்குப் போகும். எதையும் தூக்கிப் போட மாட்டான். சும்மா சொல்லக் கூடாது, ஆள் கெட்டிக்காரன்தான். ஒரே ஒரு கெட்ட பழக்கம். ஏதாவது ஒரு சுவிட்ச் தகராறு செய்தால், அதன் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிடுவான். இதற்கு ‘டைரக்ட் கொடுக்கறது’ என்று பெயர். ஊரிலுள்ள எல்லா மெக்கானிக்கும் செய்கிற காரியம்தான். மெஷின் ஓடினால் சரி, யார் கேட்கப் போகிறார்கள்? அந்தப் பழக்கத்தில் மண்ணைப் போட.

இந்த வேலைக்கு அவன் கூலி பேசவில்லை. அவன் மனைவி வள்ளிக்கண்ணு, வையம்பட்டிப் பக்கத்துக்காரி, மாசி மாதம் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் விழுந்தவள். வலது கையும் காலும் போயின. வாயும் போயிற்று. முன்பெல்லாம் அவனை ‘இந்தாங்க’ என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அதில் ‘ந்தா’ மட்டும் மிஞ்சியிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் ந்தா, கோபம் வந்தால் ந்தா, மகள் போன் வந்தால் ந்தா. நாள் முழுக்கப் பேசி, பேச ஆளில்லாவிட்டால் அடுப்போடு சண்டை போடுகிறவள் அவள். அவளை மறுபடி பேச வைக்க வேண்டும். பூவரசனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பெட்டியைச் சரிசெய்து கொடுத்தால் அவளுக்கு வைத்தியம் தன் பொறுப்பு என்று டாக்டர் சொன்னதும், அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

கண்ட்ரோலர் பெட்டியின் ஓட்டையில் அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது. திருகுக்குத் திருகு சரி. பெட்டியின் பழைய சென்சார் மட்டும் அதோடு சேரவில்லை. ஒவ்வொரு கண்ட்ரோலருக்கும் தனக்கென்று ஒரு சென்சார் உண்டு, வேறொன்றை மாட்டினால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். அது தெரிந்துதான், பழைய இடத்திலிருந்து சென்சாரையும் சேர்த்தே உருவிக்கொண்டு வந்திருந்தான். முன்பு அது குளிர வைக்கிற வேலை பார்த்தது. பட்டனை அழுத்தி, சூடு பண்ணுகிற வேலைக்கு மாற்றினான்.

எங்கே இருந்தது அண்ணே இது என்று டாக்டர் கேட்டார். ஒரு கூலிங் மெஷினில் என்றான். பொய்யில்லை. மெய்யும் முழுசாக இல்லை. பாலக்கரையில் லூர்து வாடகைக்கு விடுகிற ஃப்ரீசர் பெட்டி இருக்கிறதே, பிணத்தைக் கிடத்துகிற கண்ணாடிப் பெட்டி, அதிலிருந்து கழற்றியது. போன மாதம் அதில் ஏதோ கோளாறு என்று லூர்து சொல்ல, புதிதாக ஒன்றை மாட்டிக் கொடுத்துவிட்டு இதை இவன் எடுத்து வைத்துக்கொண்டான். பெஞ்சில் போட்டுப் பார்த்ததில் கோளாறு எதுவும் தெரியவில்லை.

கரண்டைப் போட்டான். சிவப்பு எண் எரிந்தது.

நாலு.

சென்சாரின் குமிழ் அவன் உள்ளங்கையில் இருந்தது. உள்ளங்கை வியர்த்திருந்தது. அறையோ புழுக்கம். எண் மட்டும் நாலிலேயே நின்றது. பழைய சரக்கு, முரண்டு பிடிக்கிறது என்று விரலால் தட்டினான். மெதுவாக, மனசில்லாமல், எண் மேலே ஏறி முப்பத்திரண்டுக்கு வந்தது.

பெட்டியின் மூடியைத் திறந்தபோது வாடிய ரோஜா மாலை வாசமும் ஊதுபத்தி வாசமும் வந்தன. கோயில் ஊர், எங்கிருந்தாவது வரும் என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

முதலில் படுத்தவர் காத்தமுத்து. பஸ் ஓட்டி ஓய்ந்தவர், முட்டிவலிக்காரர். பாதியிலேயே கத்தி, மூடியைத் திறக்கச் சொல்லி, ஈர வேட்டியோடு முன்பக்கம் ஓடி வந்துவிட்டார்.

“பக்கத்துல யாரோ படுத்திருக்காங்க டாக்டரம்மா. என் கால் மேல ஒரு கால் பட்டுச்சு. ஜில்லுனு இருந்துச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு ஆளே இடித்துக்கொண்டு படுக்கிற பெட்டியில் இன்னொருவர் எங்கே படுப்பது? காத்தமுத்துவும் கடைசியில் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அந்த அறைப் பக்கம் அவர் போகவில்லை.

அடுத்த வாரம் வள்ளிக்கண்ணுவை ஆட்டோவில் கூட்டிவந்தான். அவளைத் தூக்கிக் கிடத்தி, மூடியை இறக்கி, கழுத்தைச் சுற்றித் துண்டு சுருட்டி வைத்தார் டாக்டர். ஆவி ஏறியது. எண் நாற்பதைத் தொட்டது. பிறகு, ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இறங்க ஆரம்பித்தது. முப்பது. இருபது. பத்து.

நாலு.

நேரம் முடிந்து வெளியே எடுத்தபோது வள்ளிக்கண்ணுவின் உடம்பு மழையில் நனைந்து வந்தது போல் சில்லிட்டிருந்தது. உடம்பெல்லாம் புல்லரித்திருந்தது. சூடு போதவில்லை, கொஞ்சம் ஏற்றி வையுங்கள் அண்ணே என்றார் டாக்டர். அவனும் ஏற்றினான். எவ்வளவு ஏற்றியும் எண் நாலுக்கே இறங்கியது.

அந்தப் பெட்டியில் இன்னொரு சாமானும் இருந்தது. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஹீட்டர் தொட்டியின் வயிற்றில் ஒரு சின்ன சேஃப்டி சுவிட்ச். சென்சார் என்ன சொன்னாலும் சரி, கண்ட்ரோலர் என்ன நினைத்தாலும் சரி, சூடு எல்லை மீறினால் அது ‘டக்’கென்று ஹீட்டரை நிறுத்திவிடும். அது பெட்டியோடு பிறந்தது. எங்கிருந்தும் கழற்றி வந்ததில்லை. சூடு ஏற்றிய நாளிலிருந்து அது அடிக்கடி விழ ஆரம்பித்தது. எண் நாலில் நிற்கும், அது ‘டக்’கென்று விழும். பூவரசன் திட்டிக்கொண்டே அதைத் திரும்ப அழுத்திவிடுவான். நாலு டிகிரியில் எந்த மடச் சேஃப்டி விழும்?

மூன்றாவது முறையோ நாலாவது முறையோ, டாக்டர் முன்பக்கம் இருந்தார். பூவரசன் பெட்டியருகே ஸ்டூலில் உட்கார்ந்து வள்ளிக்கண்ணுவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மழை ஓட்டின் மேல் சடசடவென்று விழுந்தது. கோயிலில் ஏதோ மணி அடித்து ஓய்ந்தது.

வள்ளிக்கண்ணுவின் உதடு அசைந்தது.

“குளிர்றது.”

பூவரசனுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. இழுப்பில்லை, குழறலில்லை. பக்கத்தில் உட்கார்ந்து யாரோ பேசியது போல அவ்வளவு சுத்தமாக இருந்தது.

“கொஞ்சம் சூடு வையேண்டா.”

அவன் எழுந்து நின்றான். உட்கார்ந்தான். டாக்டரம்மா என்று கத்தப் போனவனுக்கு அழுகைதான் வந்தது. மாசியிலிருந்து கேட்காத பேச்சு! சாமி, முனியப்பா என்று என்னென்னவோ உளறினான். டாக்டர் ஓடி வந்து அவளுடைய தாடையைப் பிடித்து, இன்னொரு முறை சொல்லுங்கம்மா என்றார். வள்ளிக்கண்ணு கண்ணை அகல விரித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவன் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தான்.

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். ந்தா. அவன் சட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, ந்தா, ந்தா. எடமலைப்பட்டி புதூர் வீட்டு வாசல் வரைக்கும் பிடித்த சட்டையை விடவில்லை.

அவன் ஒன்றும் புரியாத ஆளில்லை. வள்ளிக்கண்ணு அவனை ‘டா’ போட்டுக் கூப்பிட்டதில்லை. அவளுடைய ஊரில் யாரும் ‘குளிர்றது’ என்று இழுத்துச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பேச்சு எந்தத் தெருப் பேச்சு என்று ஸ்ரீரங்கத்துக்கு வந்துபோகிற எவனுக்கும் தெரியும். இரண்டு நாள் அதை மனசுக்குள் போட்டு உருட்டிவிட்டு, மூன்றாம் நாள் லூர்துவிடம் போனான்.

லூர்து கண்ணாடிப் பெட்டியை ஹோஸ் பைப்பால் கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் கண்ட்ரோலரைக் கழற்றியதற்கு முன்னால் பெட்டி யார் வீட்டுக்குப் போயிருந்தது என்று கேட்டான். லூர்து பைப்பை மூடினார்.

ஸ்ரீரங்கத்தில் பத்மாசனி மாமி என்று ஓர் அம்மாள். தனியாக இருந்தவர். ஒரே பையன், அமெரிக்காவில். அவன் வந்து கொள்ளி வைக்கட்டும் என்று பெட்டி கேட்டார்கள். முதலில் விசா என்றான், பிறகு டிக்கெட் என்றான், அதற்குப் பிறகு ஆபீஸில் லீவு இல்லை என்றான். ஒரு வாரத்துக்கு மேல் பெட்டி அங்கேயே கிடந்தது. கடைசியில், போனில் முகத்தைக் காட்டுங்கள், பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டானாம். தூரத்துச் சொந்தத்தில் ஒருவர் கொள்ளி வைத்தார்.

“வெயில்காலத்துலயே சால்வை இல்லாம இருக்க மாட்டாங்களாம். அப்படிக் குளிருக்குப் பயந்த மனுசி. நான் போய்த் திறக்கறேன், தலைமுடியெல்லாம் ஐஸ் கட்டியிருக்கு. பெட்டி நாலுலதான் நிக்குது பூவரசா, ஆனா உள்ள அத்தனை குளிரு. அதான் கண்ட்ரோலரை மாத்தச் சொன்னேன்.” லூர்து ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “அதை எங்க வச்ச?”

சும்மாதான் கடையில் கிடக்கிறது என்றான் பூவரசன்.

அப்போதே போய்க் கழற்றியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கழற்றுகிற சின்ன வேலை. வேறொன்றைத் தேடிப்பிடித்து மாட்டியிருக்கலாம், இல்லை மாட்டாமலே இருந்திருக்கலாம். அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கழற்றவில்லை. ஏனென்றால், என்னத்தைச் சொல்ல, அந்தக் குரல் அவன் பெண்டாட்டி வாயிலிருந்து வந்தது. அவள் உதடுதான் அசைந்தது, அவள் நாக்குதான் திரும்பியது. யாருடைய பேச்சாக இருந்தால் என்ன, நாக்கு திரும்பப் பழகிவிட்டால் அப்புறம் அவள் பேச்சு தானாக வந்துவிடாதா? இப்படித்தான் நினைத்தான். கெட்டிக்காரன் போடுகிற கணக்கு இப்படித்தான் இருக்கும். ஒரு மெஷினை ஓட வைக்க எதையாவது எங்கிருந்தாவது எடுத்து மாட்டியே பழகியவன் அவன்.

அடுத்த முறை வள்ளிக்கண்ணு ஆட்டோவில் ஏற மாட்டேன் என்று வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையை அதட்டுவது போல் அதட்டி, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத் தூக்கி ஏற்றினான்.

அன்று சாயங்காலம் மழை கொட்டியது. தெருவில் கணுக்கால் தண்ணீர். முன்பக்கம் நோயாளிகள் நிறையப் பேர், டாக்டரால் நகர முடியவில்லை. நீங்களே பார்த்துக்குங்க அண்ணே, உங்களுக்குத் தெரியாததா என்றார். அவனே அவளைக் கிடத்தினான். அவனே மூடியை இறக்கினான். கொக்கியை மாட்டினான்.

விளக்கு மங்கலாக எரிந்தது. ஆவி ஏறுகிற சத்தம் மட்டும், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரி, விட்டு விட்டுக் கேட்டது. நொச்சி வாசம் போய் ரோஜா மாலை வாசம் வந்தது. அதற்குப் பின்னால் ஊதுபத்தி.

நாற்பது. முப்பது. இருபது. பத்து.

நாலு.

“குளிர்றதுடா.”

“வள்ளி,” என்றான். “என்னைய பேர் சொல்லிக் கூப்பிடு. இல்ல, இந்தாங்கன்னு சொல்லு. ஒரு தரம் சொல்லு.”

“எத்தனை நாளா படுத்துண்டிருக்கேன். கொஞ்சம் சூடு வையேண்டா.”

அவன் எண்ணை ஏற்றினான். ஆவி பலமாகச் சீறியது. சேஃப்டி ‘டக்’கென்று விழுந்தது. அழுத்தினான். மறுபடி விழுந்தது.

“அணைச்சுட்டியா?” அந்தக் குரல் உடைந்தது. “நீயும் வரலையா?”

அதைக் கேட்டு அவனுக்கு நெஞ்சு அறுந்தது. அது யாரைக் கேட்கிறது என்று தெரிந்தும் அறுந்தது. கழுத்தருகே துண்டை விலக்கி, பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தான். ஃப்ரிட்ஜைத் திறந்தால் வருமே, அந்தக் குளிர்தான் கையில் பட்டது. சேஃப்டிதான் பொய் சொல்கிறது என்று முடிவு செய்தான். குனிந்து தொட்டியின் அடியில் படுத்தான். அதன் இரண்டு ஒயரையும் உருவி, ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றினான்.

டைரக்ட்.

எழுந்தபோது பெட்டிக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது.

டொக்.

டொக். டொக்.

மூடியின் உட்பக்கம், கை இருக்க வேண்டிய இடத்தில். இடது கையா, வலது கையா? இருட்டில், மழைச் சத்தத்தில், எந்தப் பக்கம் என்று பிரிக்க முடியவில்லை. வலது கையாகத்தான் இருக்கும் என்று அவன் நம்பினான். அசையாத கை அசைகிறது! வள்ளிக்கண்ணுவின் கண்கள் மேலே செருகி, பிறகு இறங்கி, அவனைத் தேடிப் பிடித்தன. வாய் மட்டும் வேறு யாருக்கோ சொந்தமானது போலச் சிரித்துக்கொண்டிருந்தது.

“தட்டு புள்ள, நல்லாத் தட்டு,” என்றான் அவன், அழுதுகொண்டே.

டொக் டொக் டொக் டொக்.

“அப்படித்தான்.”

டொக்.

தட்டுவது நின்றது.

“இப்போதான் நன்னா இருக்கு,” என்றது குரல்.

ஹீட்டர் ஓடிக்கொண்டேயிருந்தது. எண் மட்டும் நாலிலிருந்து கிடுகிடுவென ஏறியது. முப்பது. முப்பத்தைந்து. முப்பத்தேழில் வந்து அசையாமல் நின்றது. அப்போதுதான் பூவரசன் அந்த எண்ணை உற்றுப் பார்த்தான். அவன் வைத்த எண் அது இல்லை. ஆவிப் பெட்டியின் சூடும் இல்லை. உயிரோடிருக்கிற மனுசர் உடம்புச் சூடு.

சுவிட்சை அணைத்துவிட்டுக் கொக்கியை இழுத்தான். மூடியைத் தூக்கியதும் கொதிக்கிற ஆவி அவன் முகத்திலும் கையிலும் அடித்தது. முழங்கை வரை தோல் வழன்றுபோயிற்று. அந்த ஆவிக்குள் வள்ளிக்கண்ணு கிடந்தாள். இடது கை மடங்கி, விரல் முட்டிகள் தேய்ந்து ரத்தம் கட்டியிருந்தன. வலது கை, அவன் கிடத்தும்போது மடித்து வைத்தது போலவே, வயிற்றின் மேல் இருந்தது.

டாக்டர் ஓடி வந்து பார்த்தார். தொட்டிக்கு அடியில் சுற்றியிருந்த டேப்பையும் பார்த்தார். அவனைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு நடந்ததைச் சொல்ல வாய் கூசுகிறது. பக்கவாதக்காரங்களுக்குத் திடீர்னு இப்படி ஆகும் என்று டாக்டர் முணுமுணுத்தார். அவன் இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் கையில் விலங்கு யாருக்கு விழும் என்று அவனுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். புடவையைக் கழுத்துவரை இழுத்து மூடினார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவன் வெந்த கையாலேயே கண்ட்ரோலரைக் கழற்றினான். ஒயர்களை வெட்டி எறிந்துவிட்டு, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மொட்டையாக, செத்த சாமானாக, அது பையில் கிடந்தது. வழியில் காவிரியில் எறிந்துவிட வேண்டும் என்று நினைத்தான். பாலத்தைத் தாண்டும்போது வள்ளிக்கண்ணுவின் தலையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான், கை எடுக்க முடியவில்லை.

மகள் வைஷ்ணவி ஷார்ஜாவில் இருந்தாள். நான் வந்து அம்மா முகத்தைப் பார்க்காமல் தூக்கிவிடாதீர்கள் என்று போனில் கதறினாள். மழையில் விமானங்கள் தள்ளிப்போயின. நாளைக்கு என்றாள். மறுநாளும் நாளைக்கு என்றாள்.

பெட்டி லூர்துவினுடையது. ஊரில் கிடைத்தது அது ஒன்றுதான். வீட்டு ஹாலில் வைத்து, வள்ளிக்கண்ணுவை உள்ளே கிடத்தி, கண்ணாடியை மூடினார்கள். பூவரசன் மாட்டிய புது கண்ட்ரோலர் ஒழுங்காக வேலை செய்தது. லூர்து அதைப் பார்த்துவிட்டு, அவன் கைக்கட்டையும் பார்த்தார். வெளியே போய் மழையில் நின்றுகொண்டார்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், மாலை போட்டார்கள், பந்தலுக்குப் போய் உட்கார்ந்தார்கள். மத்தியானம் ஹாலில் அவன் மட்டும் இருந்தான். கம்ப்ரஸர் முனகிக்கொண்டிருந்தது. ரோஜா மாலை வாசம். ஊதுபத்தி வாசம். பெட்டியின் தலைமாட்டில் சிவப்பாக எண் எரிந்தது.

நாலு.

மார்பில் ஏதோ சுட்டது.

சட்டைப் பையில் கையை விட்டான். கண்ட்ரோலர் கதகதப்பாக இருந்தது, தூங்குகிற பிள்ளையின் உடம்பு போல. வெளியே எடுத்துப் பார்த்தான். ஒயரில்லை, கரண்டில்லை. எண் எரிந்துகொண்டிருந்தது. முப்பத்தேழு.

அவன் ஓடிப்போய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். பந்தலிலிருந்து வந்தவர்கள் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். யாரோ பிளக்கைத் திரும்பச் செருகினார்கள்.

“மக வர்ற வரைக்கும் பொறுத்துக்கங்க. அதுவரைக்கும் பெட்டி ஓடணும்ல?”

அவர்கள் போன பிறகு கண்ணாடியைப் பார்த்தான். உள்பக்கம், வள்ளிக்கண்ணுவின் வாய்க்கு நேர் மேலே, ஒரு பைசா அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. படிந்தது மறைந்தது. மறுபடியும் படிந்தது.

பிறகு உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சுத்தமான பேச்சில்லை. இழுத்துக் குழறி, அவனுக்கு மட்டும் புரிகிற அந்த ஒரே வார்த்தை.

“ந்தா.”